இராமலிங்க அடிகளும் மனவடக்க இன்பமும்

உயிர் தாங்கி உலவும் எவரும் வேண்டுவது இன்பம் ஒன்றேயாம். உழவன் ஏர் பிடிப்பதும், பழவேற்காட்டு மீனவன் இருளிற் படகு செலுத்துவதும், மாணாக்கன் கண்விழித்துக் கற்பதும், தொழிலாளி இரவு முறைக்கு ஆலை செல்வதும் அவ்வொன்றைக் கருதியே. ஆயினும் அதனைப் பெற்றேம் என்று நெஞ்சாரக் கூற வல்லார் நம்முள் எத்துணையர்? வீடு கட்டினார் அதன் கடனை எண்ணி உறங்காதிருக்கின்றனர். வேலை பெற்றார் அது நிலைக்குமோ என்று அஞ்சுகின்றனர். மக்களைப் படிப்பித்தார் அம்மக்கள் தொலைவிற் சென்றதை எண்ணி வருந்துகின்றனர். இன்பத்தின் பொருட்டு ஈட்டிய பொருள்களே இன்பத்தை மறைத்து நிற்றல் வியப்பன்றோ?

சின்னாட்களுக்கு முன் நம் சங்கத்து அன்பர் ஒருவர் நம்மிடம் ஒரு வினா விடுத்தார். அவர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இருபதாண்டுக்கு மேல் உழைத்தவர். குடும்பத்திற்குக் குறைவின்றித் தேடியவர். உடலும் நலமாகவே இருக்கின்றது. அங்ஙனமிருந்தும் மனம் ஒரு கணமும் நில்லாமல் ஓடுகின்றதே, ஆலைப் பொறியை நிறுத்த விசை உண்டு, இதனை நிறுத்த விசை யாது என்பது அவர் வினா. நாம் பள்ளியில் தமிழ் கற்பிப்பவராதலின் நூல்களை எடுத்து விடை கூறத் தொடங்கினேம். கூறக் கூற அவர் முகம் தெளியவில்லை, நமக்கும் தெளியவில்லை. அன்றிரவு எண்ணிப் பார்த்தபோது, நூற்பொருளினும் ஒருவர் வாழ்ந்த வாழ்வே இதற்குத் தக்க விடையாம் என்று தோன்றியது. அவ்வாழ்வு நம் கருணீகர் குலத்திற் பிறந்து, நம் பொன்னேரிப் பக்கத்தில் தவழ்ந்து, வடலூரில் விளக்கமுற்ற இராமலிங்க அடிகளாருடையது. அன்பர்க்கு அன்று கூற மாட்டாததை ஈண்டு எழுதுகின்றேம்.

பிறப்பும் இளமையும்

சிதம்பரத்துக்கு வடமேற்கே, வடலூரை அடுத்துள்ள மருதூரில், இராமையா பிள்ளை என்பார் ஊர்க்கணக்கு எழுதியும் பிள்ளைகட்குக் கல்வி புகட்டியும் வாழ்ந்து வந்தார். அவருடைய மனைவியர் ஐவர் ஒருவர்பின் ஒருவராக மகப்பேறின்றி மறைந்தனர். ஆறாவதாக அவர் மணந்துகொண்ட அம்மையார் சின்னம்மை. இவ்வம்மையார் பிறந்த ஊர் நம் பொன்னேரியை அடுத்த சின்னக்காவணம். சபாபதி, பரசுராமன் என ஆண்மக்கள் இருவரும், உண்ணாமுலை, சுந்தரம் எனப் பெண்மக்கள் இருவரும் பிறந்த பின்னர், 1823 ஆம் ஆண்டு அக்டோபர் 5 ஆம் நாள் ஐந்தாம் மகவாக இராமலிங்கர் தோன்றினார். ஐந்தாம் மாதத்திற் குழவியைச் சிதம்பரத்துக்கு எடுத்துச் சென்றபோது, திரை நீக்கிக் காட்டிய இடத்து அக்குழவி நகைத்தது என்பது வழிவழியாக வரும் செய்தி.

குழந்தைக்கு ஓராண்டு நிரம்புமுன் தந்தையார் காலமானார். ஐந்து மக்களோடு கைம்பெண்ணாகிய சின்னம்மையார் செய்வதறியாது தாய்வீடு நோக்கி வந்தார். ஆதலின் இராமலிங்கர் முதன்முதல் நடை பயின்ற மண் சின்னக்காவணத்து மண் என்னலாம். சென்னையினின்று கும்மிடிப்பூண்டி செல்லும் புகைவண்டியில் நாம் எத்துணை முறை பொன்னேரி நிலையத்தைக் கடந்திருக்கின்றோம்! சன்னலின் வெளியே தோன்றும் அவ்வயல்களினூடே ஆதரவற்ற தாய் ஒருத்தி இடுப்பிற் குழவியோடு வந்தாள் என்பதை ஒருமுறையேனும் நினைந்தோமா? நாம் நினைந்ததில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றேம்.

சிலகாலம் அங்கிருந்தபின் குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. ஏழுகிணற்றுப் பகுதியில் வீராசாமி பிள்ளை தெருவில் குடியேறினர். மூத்தவராகிய சபாபதி பிள்ளை புராணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைத் தாங்கினார். இளையவனும் கற்றுத் தம்மைப் போல் பொருளீட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். அது குற்றமன்று, தந்தையின் இடத்தில் நின்ற தமையனின் கவலை அது. எனவே தம் ஆசிரியராகிய காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் தம்பியை ஒப்படைத்தார். தம்பியோ பாடத்தை விடுத்துக் கந்தகோட்டத்திற் சென்று முருகன் சந்நிதியில் நின்று பாடிக்கொண்டிருந்தார். பின்தொடர்ந்து சென்று கண்ட ஆசிரியர், இப்பிள்ளைக்குக் கற்பிக்கத் தம்மிடம் ஒன்றுமில்லை எனத் திரும்பினார் என்பர்.

கண்ணாடியின்முன் இருந்தமை

தமையனாரோ சினங்கொண்டார். வீட்டில் உணவிடலாகாது எனக் கட்டளையிட்டார். அண்ணியாராகிய பாப்பாத்தியம்மை அதற்கு உடன்படாது மறைவிற் சோறிட்டு வந்தார். தந்தையாரின் திதி நாளன்று, வீட்டில் யாவரும் உண்ண இப்பிள்ளை மட்டும் புழைக்கடையில் நின்று உண்பதைப் பொறாது அவ்வம்மையார் கண்ணீர் விட்டார். இனி வீட்டிலிருந்தே படிக்குமாறு வேண்டினார். அண்ணியின் கண்ணீருக்கு இளையவர் இரங்கினார். மாடியில் ஒரு தனியறை தரப்பட்டது. ஏடுகளும் எழுதுகோலும் கேட்டுப் பெற்ற சிறுவர் இன்னும் ஒன்று கேட்டார். அது ஒரு நிலைக்கண்ணாடி.

அறைக்கதவைச் சாத்தி, கண்ணாடியைச் சுவரிற் சார்த்தி, அதன்முன் ஒரு விளக்கேற்றி, மாலை சூட்டி, அவர் அதனையே நோக்கி அமர்ந்திருந்தார். அப்பொழுது அவர்க்கு வயது ஒன்பதளவு. ஒருநாள் அக்கண்ணாடியில் அவருடைய உருவம் மறைந்து, திருத்தணிகை முருகன் தோற்றம் விளங்கியது என்றும், அதனை அவரே பிற்காலத்துப் பாடலிற் குறித்துள்ளார் என்றும் சரித்திரகாரர் கூறுவர். தணிகைமலை இன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதனை ஆந்திர நாட்டினின்று மீட்கப் போராடிய ம. பொ. சிவஞானம் அவர்களே பின்னர் வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு என்னும் நூலை எழுதி 1966 ஆம் ஆண்டு சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இந்நிகழ்ச்சியை அற்புதமென்று கைகூப்பிக் கடந்து செல்வார் உளர். கற்பனையென்று நகைத்துக் கடந்து செல்வாரும் உளர். இருதிறத்தாரும் சற்று நிற்க வேண்டுகின்றேம். கண்ணாடியின்முன் நாம் ஒவ்வொரு நாளும் நிற்கின்றோம். நின்று நம் நரையையும் திரையையும் ஆடையையும் காண்கின்றோம். அச்சிறுவரோ தம்மை மறக்கும்வரை அதன்முன் இருந்தார். அசையும் நீரில் வான் தோன்றாது. பழவேற்காட்டு ஏரியிற் காற்று ஓய்ந்த வைகறையில் நின்று பார்த்தவர்க்கு இது தெரியும். அலை அடங்கியவுடன் வானமும் பறவையும் அந்நீரிலேயே இருப்பது போலத் தோன்றும். வானத்தை யாரும் கொணர்ந்து நீரில் வைக்கவில்லை. அலை அடங்கியதே வேண்டியது. மனமும் அத்தன்மைத்து. இன்பத்தை வெளியினின்று கொணர்ந்து வைத்தல் வேண்டா. ஓட்டம் அடங்கினாற் போதும். அடிகளாருடைய வாழ்வு முழுவதற்கும் இக்கண்ணாடி ஓர் அடையாளம் என்பதை முடிவிற் காண்போம்.

ஒற்றியூர் நடை

ஒருகால் சபாபதி பிள்ளை நோயுற்றமையால், அவர் செய்யவேண்டிய சொற்பொழிவுக்குத் தம்பியே அனுப்பப்பட்டார். இரண்டு பாடல் படித்துவிட்டு வருமாறு சொல்லியனுப்பிய தமையனார், இளையவர் பெரியபுராணத்துக்கு விரித்த பொருளைக் கேட்டோர் வியந்த செய்தியறிந்து உவகையும் நாணமும் ஒருங்கே எய்தினார். அன்றுமுதல் அவ்வீட்டிற் கடுஞ்சொல் ஒழிந்தது. பிரசங்கியாய் அமர்ந்து பொருளும் புகழும் ஈட்டும் வாயில் திறந்தே இருந்தது. அவர் அவ்வாயிலிற் புகவில்லை. நாள்தோறும் ஏழுகிணற்றினின்று திருவொற்றியூர்க்கு நடந்தார்.

பல்லாண்டு தொடர்ந்த நடை அது. தியாகேசர் சந்நிதியிலும் வடிவுடையம்மை சந்நிதியிலும் நெடும்பொழுது நின்று மீள்வார். திருமுல்லைவாயிலுக்கும் சென்று மாசிலாமணி ஈசரைப் பாடினார். நம் திருவள்ளூராகிய எவ்வுளூரில் வைத்திய வீரராகவரைப் போற்றி ஐந்து பாடல்களால் பஞ்சகம் ஒன்றும் இயற்றினார். சைவர் ஒருவர் பெருமாளைப் பாடினாரே எனச் சிலர் வியப்பர். அடங்கிய மனத்துக்கு அவ்வேறுபாடு தோன்றாதென்க. இரவு நேரங்கழித்து வந்து கதவு சாத்தியிருக்கக் கண்டு, உறங்குவாரை எழுப்ப மனமின்றித் திண்ணையிற் பசியோடு படுத்தார் என்றும், வடிவுடையம்மையே அண்ணியார் வடிவில் வந்து அமுதூட்டினாள் என்றும் ஒரு வரலாறு வழங்குகின்றது. அதன் உண்மையை ஆராய்வார் ஆராய்க. தட்டினால் பிறர் உறக்கம் கலையுமே என்று பசியோடு படுத்த அவ்வுள்ளமே நமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

1850 ஆம் ஆண்டளவில் உறவினர் வற்புறுத்தலால் தமக்கை உண்ணாமுலையம்மையின் மகளார் தனக்கோடியை மணந்தார். இல்லற வாழ்வில் அவர் மனம் செல்லவில்லை. மணநாளிரவு திருவாசகம் ஓதிக் கழித்தார் என்பர். அடிகளாரின் துறவைப் போற்றுவார் பலர். அவ்வம்மையார் என்ன எண்ணினார், எங்ஙனம் வாழ்ந்தார் என்பதை எழுதி வைத்தார் அரியர். நம் தாய்மார் இச்சரித்திரத்தைப் படிக்குங்கால் அவரையும் அண்ணியாரையும் ஒருசேர நினைத்துக்கொள்ளுதல் முறையாம்.

ஒழிவில் ஒடுக்கம்

அடிகளாருக்கு மனவடக்கம் இயல்பாகவே வாய்த்திருந்தது, நமக்கோ அது கூடாதது எனச் சிலர் சொல்வதுண்டு. இஃது உண்மைக்கு மாறானது. பிள்ளைப் பெருவிண்ணப்பம் என்னும் நீண்ட பாடலில் தம் உள்ளத்து நிலையை அவரே ஒளிவின்றி வெளியிட்டுள்ளார். அதனைப் பயின்றார்க்கு அவர் எத்துணை நடுங்கும் நெஞ்சினர் என்பது விளங்கும். பெருங்குரல் கேட்டால் அஞ்சினார். கதவு அடிபடும் ஒலி கேட்டு அஞ்சினார். பிறர் முகம் வாடக் கண்டால் தாமும் வாடினார். கையிற் பொருள் வந்தால் அதனைச் சுமையாக உணர்ந்து நீர்நிலைகளில் எறிந்ததும் உண்டு. நம்மிற் பலரினும் மிகுதியாக அலைந்த மனமே அது. அங்ஙனம் அலைந்த மனம் அடங்கியதனாலன்றோ அஃது நமக்கு வழிகாட்டுகின்றது? இயல்பிலேயே அசையாத கல்லினிடத்து நாம் கற்கத்தக்கது ஒன்றுமில்லை.

1851 ஆம் ஆண்டில் அவர் ஒரு பழைய நூலை ஆராய்ந்து அச்சிட்டு வெளிப்படுத்தினார். அது சீகாழிக் கண்ணுடைய வள்ளல் இயற்றிய ஒழிவிலொடுக்கம். அவர் முதன்முதற் பதிப்பித்த நூல் இதுவாக அமைந்தது பொருத்தமே. நான் எனது என்னும் முனைப்பு ஒழிந்தவிடத்து உயிர் தன் நிலையில் ஒடுங்கும் என்பது அந்நூற்பெயரே அறிவுறுத்தும் கருத்து. முதலில் ஒழிவு, அதன்பின் ஒடுக்கம். நாமோ எதனையும் ஒழியாமல் ஒடுக்கம் மட்டும் வேண்டுகின்றோம். கடனும் பகையும் போட்டியும் அப்படியே இருக்க, கால்நாழிகை கண்மூடினால் அமைதி வரவேண்டும் என்று எதிர்பார்க்கின்றோம். வாராமை கண்டு அவ்வழியையே பழிக்கின்றோம். மூன்றாண்டு கழித்து, 1854 இல், மனுமுறைகண்ட வாசகம் என்னும் உரைநடை நூலை வெளியிட்டார். கன்றிழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழன் கதை அது. மனம் அடங்கினார்க்கு இரக்கம் மிகும் என்பதற்கு இவ்விரு நூல்களும் அடுத்தடுத்து வந்தமையே சான்று.

இக்காலத்தில் அவரை வந்தடைந்த மாணாக்கருள் தலையாயவர் தொழுவூர் வேலாயுத முதலியார். நம் திருவள்ளூர்ப் பக்கத்துத் தொழுவூரைச் சேர்ந்தவர். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் புலவராய் விளங்கியவர். ஆசிரியரைச் சோதிக்கக் கருதி, தாமே நூறு பாடல் இயற்றிச் சங்கச் செய்யுள் என்று கொணர்ந்து காட்டினார் என்றும், அடிகள் புன்முறுவலோடு அவற்றின் குறை காட்டிச் சங்கத்தார் வாக்கன்று என உணர்த்தினார் என்றும் கூறுவர். இவரும் இறுக்கம் இரத்தின முதலியாரும் அடிகளாரின் பாடல்களை அச்சேற்றப் பெரிதும் முயன்றனர். பாடல்கள் கைக்கு வரும்வரை நாளுக்கு ஒருவேளையே உண்பேன் என இரத்தின முதலியார் நோன்பு கொண்டார். பாடலின் பொருட்டு ஒருவர் பட்டினி கிடத்தலை அடிகளாரால் தாங்க இயலவில்லை. நோன்பை விடுமாறு கடிதம் எழுதி இசைவளித்தார். 1867 இல் முதல் நான்கு திருமுறைகள் திருவருட்பா என்னும் பெயரோடு வெளிவந்தன. நூலில் தம் பெயரோடு சாமி என்னும் சொல் சேர்த்து வழங்குதல் ஆரவாரமாகும், அதனை நீக்குக என்று அவர் எழுதியதும் கடிதங்களால் அறியக் கிடக்கின்றது. புகழ் வாயிலில் வந்து நிற்கும்போதும் அசையாத மனம் அது.

அப்பாடல்கட்கு அருட்பா எனப் பெயர் வழங்கலாமா என்னும் வாதம் எழுந்து, யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரோடு நேர்ந்த பூசல் 1869 இல் நீதிமன்றம் வரை சென்றது. இருபுறத்தும் கற்றோர் கடுஞ்சொல் எறிந்தனர். அவ்வாரவாரம் நாற்புறமும் சூழ்ந்திருக்க, அடிகளார் வடலூரிற் செய்துகொண்டிருந்த பணி யாது? அதனை இனிக் காண்போம்.

அடுப்பு மூட்டியமை

1857, 1858 ஆம் ஆண்டளவில் அவர் சென்னை வாழ்வை நீத்துத் தெற்கு நோக்கினார். தலங்கள் பல கண்டு, சிதம்பரம் தொழுது, கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் ஒன்பதாண்டளவு தங்கினார். உடுத்தது வெள்ளாடை, அதனையே தலைவரை முக்காடாகப் போர்த்தியிருந்தார். காவி உடுத்திலர், மடம் நிறுவிலர். 1865 இல் சன்மார்க்க சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். 1867 ஆம் ஆண்டு மே மாதம் 23 ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். ஊரார் மனமுவந்து அளித்த எண்பது காணியளவு நிலத்தில் அஃது அமைந்தது. அன்று அவர் தம் கையால் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. நூற்றைம்பது ஆண்டு கடந்தும் அவ்வடுப்பிற் சோறு பொங்குகின்றது. சாதி கேளாமல், ஊர் கேளாமல், சமயம் கேளாமல் வருவார்க்கெல்லாம் இலை போடப்படுகின்றது. அவர் மறைந்து மூவாண்டிற்குள் தாது வருடப் பெரும்பஞ்சம் தென்னாட்டை வாட்டிய வரலாற்றை நினைப்பார்க்கு, அவ்வடுப்பு மூட்டப்பட்ட காலத்தின் அருமை புலனாகும்.

இங்கே ஓர் ஐயம் எழும். மனவடக்கம் வேண்டினவர் காட்டுக்கன்றோ செல்லவேண்டும்? நூற்றுக்கணக்கானோர் வந்து உண்ணும் அடுக்களையில் அடக்கம் எங்ஙனம் நிற்கும்? அடிகளாருடைய விடை மற்றெவர் விடையினும் புதியது. பிற உயிரின் துன்பம் கண்டு நம் உயிர் நெகிழ்தலே அருளுக்கு வாயில் என்பது ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் நூலில் அவர் நாட்டிய கொள்கை. பசித்தவன் உண்டவுடன் அவன் அகம் குளிர்ந்து முகம் மலர்கின்றது. அதனைக் காணும் ஊட்டியவன் அகமும் உடன் குளிர்கின்றது. அக்கணத்தில் ஊட்டியவன் தன்னை எண்ணுவதில்லை, தன் கடனை எண்ணுவதில்லை, நாளையை எண்ணுவதில்லை. மனம் நின்றுவிட்டது! கண்மூடி மூச்சடக்கி வருந்தியும் நில்லாத மனம், பசித்த ஒருவன் சோற்றில் கைவைக்கும் காட்சியில் தானே நின்றுவிடுகின்றது. இது நம் வீட்டுத் தாய்மார் நாள்தோறும் கண்டறிந்த உண்மை. பிள்ளை உண்பதைப் பார்த்து நிற்கும் தாயின் முகத்தில் உள்ள இன்பத்தை எந்த யோகியரிடத்தும் நாம் கண்டதில்லை. அவ்வின்பத்தைத் தன் பிள்ளையோடு நிறுத்தாமல் உலகத்துப் பிள்ளைகள் யாவர்க்கும் விரித்தவரே வள்ளலார்.

இதனால் அவர் தனித்த தியானத்தை விலக்கினார் என்று கொள்ளற்க. 1870 முதல் மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்தில் தனித்துறைந்தார். புலன்களையும் மனத்தையும் நெறிப்படுத்தும் ஒழுக்கங்களை வகுத்துரைத்தார். கண்ட இடத்து ஓடும் மனத்தைப் புருவமத்தியில் நிறுத்துமாறு அறிவுறுத்தினார். ஆயினும் அவையெல்லாம் இரக்கம் என்னும் ஈரம் இல்லாத நிலத்தில் விதைத்த விதையாம் என்பதே அவர் கருத்து.

ஏழு திரைகள்

1872 ஆம் ஆண்டு ஜனவரி 25 ஆம் நாள், தைப்பூசத்தன்று, வடலூரில் எண்கோண வடிவினதாகிய சத்திய ஞானசபை திறக்கப்பட்டது. அங்கு உருவ வழிபாடு இல்லை. கருமை, நீலம், பசுமை, செம்மை, பொன்மை, வெண்மை, கலப்பு என்னும் ஏழு நிறத் திரைகள் தொங்குகின்றன. அவை ஒன்றன்பின் ஒன்றாக நீக்கப்படுகின்றன. ஏழும் நீங்கியவிடத்துத் தோன்றுவது யாது? ஒரு கண்ணாடியும் ஒரு விளக்கின் ஒளியும். வீராசாமி பிள்ளை தெரு மாடியறையில் ஒன்பது வயதுப் பிள்ளை தனக்கெனக் கேட்டுப் பெற்ற கண்ணாடியும் விளக்கும், நாற்பதாண்டு கழித்து ஊர் காணும்படி அச்சபையில் நின்றன. தாம் தனியே கண்டதை யாவர்க்கும் பொதுவாக்கியதே அவர் செய்த பெருங்கொடை. தைப்பூசத்தன்று அங்குக் கூடும் பெருங்கூட்டத்தில் நாமும் நின்றிருக்கின்றேம். திரைகள் நீங்கும் அச்சிறுபொழுதில் அத்துணை மக்களும் பேச்சடங்கி நிற்பர். அவ்வடக்கமே தரிசனம் என்று நமக்குத் தோன்றியதுண்டு.

1873 அக்டோபர் 22 ஆம் நாள் சித்திவளாகத்திற் கொடி ஏற்றி நிகழ்த்திய பேருபதேசத்தில், தாம் முன்னர்ச் சமயப் பற்று மிக்கிருந்ததையும், அப்பற்று தம்மைவிட்டு நீங்கியதையும் ஒளியாது உரைத்தார். சாதி, சமயம் என்னும் வேறுபாடுகள் அருள் நெறிக்குத் தடையாம் என்று வெளிப்படக் கூறினார். தம் சொல்லைக் கொள்வார் அரியர் என அவர் வருந்தியதை வேலாயுத முதலியார் 1882 இல் பிரம்மஞான சபையார்க்கு அளித்த வாக்குமூலத்தாலும் அறிகின்றோம். 1874 ஜனவரி 30 ஆம் நாள் இரவு சித்திவளாகத்துத் தம் அறையினுட் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். பின் அவரைக் கண்டார் இல்லை. இறைவனோடு கலந்தார் என அன்பர் நம்பி வருதலை 1906 இல் வெளிவந்த தென்னார்க்காட்டு மாவட்ட விவர நூலும் குறிக்கின்றது. அவ்வறைக்குள் நிகழ்ந்தது யாது என்று ஆராயும் ஆற்றல் நமக்கில்லை. வெளியே அவர் விட்டுச்சென்றவை நம் கண்முன் உள்ளன: ஓர் அடுப்பு, ஒரு கண்ணாடி, ஆறு திருமுறைகள்.

நாம் எழுதவேண்டிய கணக்கு

இனி நம்மவர்க்கு ஒரு சொல். நம் முன்னோர் ஊர்க்கணக்கு எழுதி வாழ்ந்தவர். எந்த வயல் எவருக்குரியது, எவர் எத்துணை தீர்வை செலுத்தினார் என்பதெல்லாம் நம் ஏடுகளில் இருந்தது. 1980 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு பரம்பரைக் கர்ணம் பதவியை ஒழித்தபோது, நம் குடும்பங்கள் பல கலங்கின. அக்கலக்கம் இன்றும் சில முதியோர் பேச்சில் வெளிப்படுகின்றது. அவர்தம் பிள்ளைகள் இன்று ஆலைகளிலும் அலுவலகங்களிலும் உழைக்கின்றனர். இழந்த பெருமையை எண்ணி வருந்தும் மனமும், அடுத்த வீட்டான் அடைந்ததை எண்ணி ஓடும் மனமும் ஒரே மனந்தான். இரண்டும் கணக்கு எழுதும் மனம். கணக்கர் மகனாய்ப் பிறந்த இராமலிங்கரோ என்னுடையது, உன்னுடையது என்னும் அக்கணக்கை எழுத மறுத்தார். அன்று அவர் மனம் நின்றது, இன்பம் தோன்றியது.

நம் கூடத்தில் அவர் படத்தை மாட்டியிருக்கின்றோம். நம் குலத்தார் என்று பெருமை பேசுகின்றோம். இப்பெருமையில் ஒரு முள் இருத்தலை மறைத்தல் நேர்மையன்று. எவர் சாதிவேற்றுமையை ஒழிக்கச் சொன்னாரோ, அவரையே நாம் நம் சாதிக்குரியவர் எனப் பட்டயம் எழுதிக்கொள்கின்றோம். சங்கம் வேண்டாவென்று நாம் கூறவில்லை. ஏழைப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கித் தரவும், தாயிழந்த பெண்ணுக்குத் திருமணம் முடிக்கவும் சங்கம் துணையாய் நிற்கின்றது. ஆனால் அவ்வுதவி நம் வாயிற்படியோடு நின்றுவிடுமாயின், அவர் படத்தைக் கழற்றிவிடுதலே அவர்க்குச் செய்யும் மரியாதையாம். சினங்கொள்ளற்க, நம்மை நோக்கியே இதனைக் கூறிக்கொள்கின்றேம்.

எனவே ஒரு வேண்டுகோள். அடிகளார் பிறந்த அக்டோபர் 5 ஆம் நாளைத் தனிப்பெருங்கருணை நாள் எனத் தமிழ்நாட்டு அரசு 2021 இல் அறிவித்தது. அவ்வொரு நாளேனும் நம் சங்கத்தின் அடுப்பு வெளியே வரட்டும். கும்மிடிப்பூண்டி ஆலைகளில் உழைக்க ஒடிசாவினின்றும் பீகாரினின்றும் வந்த இளைஞர் உளர்; தாய்மொழியில் ஒரு சொல் கேளாமல் உண்டு உறங்குகின்றனர். அவ்வூரிலேயே இலங்கைத் தமிழர் முகாமில் ஆண்டாண்டாக வாழும் குடும்பங்கள் உள. அவர்களை அழைத்து, நம் மனைவியரும் மக்களும் கையால் பரிமாற, யார் எவர் என்று கேளாது ஒருவேளை உணவிடுவோம். சின்னக்காவணத்துக்கு ஆதரவின்றி வந்த தாயையும் அவள் குழவியையும் அன்று நினைந்துகொள்வோம். நாள்தோறும் மாலையில் விளக்கேற்றிய பின் அரைநாழிகை வீட்டார் யாவரும் பேச்சின்றி அதன்முன் அமர்வோம். கைப்பேசிகள் அடுத்த அறையில் இருக்கட்டும்.

வினா விடுத்த அன்பர்க்கு நாம் கண்ட விடை இதுவே: மனத்தை நிறுத்தும் விசை மனத்தினுள் மட்டும் இல்லை, பசித்தவன் இலையிலும் இருக்கின்றது. அவ்வன்பர் முதற்பந்திக்குப் பரிமாற வருவதாக இசைந்துள்ளார். ஏனையோரும் இசைவார்களாக. எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் இரக்கமும் அடக்கமும் அவற்றால் விளையும் இன்பமும் அருள்வானாக.